ஸ்டெப்புக்குத்தான் மார்க்கு

1

என் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல், "அப்பா, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஏதோ கால்பந்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, ஜெயிக்கிற பக்கம் என்றேன். அவள் கேட்டது கடவுளைப் பற்றி.

இங்கே ஜெர்மனியில் பள்ளிக்கூடத்தில் மத வகுப்பு உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்கும், புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும் போய்விடுவார்கள். இரண்டிலும் சேராத துருக்கிப் பிள்ளைகள், பெற்றோர் எதையும் நம்பாத வீட்டுப் பிள்ளைகள், எங்கள் வீட்டுப் பிள்ளை எல்லாரும் மூன்றாவது அறையில் அறநெறி வகுப்பு என்ற ஒன்றில் உட்கார வேண்டும். அந்த வகுப்பு ஆசிரியை, கடவுள் உண்டா இல்லையா என்று விவாதம் வைத்திருக்கிறார். யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் யாழினிக்கு 'உண்டு' விழுந்துவிட்டது. அவளுக்கோ அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

பாதி ஜெர்மனும் பாதி தமிழுமாக அவள் என்னிடம் கேட்டது இதுதான். நம்பாத ஒன்றுக்காக எப்படிப் பேசுவது, அது பொய் சொல்வது ஆகாதா? நான் ஒரு தடவை சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் அப்படிப் பேசியிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். நான் 'கடலூர்' என்று ஆரம்பித்தாலே கதை நீளும் என்று அவளுக்குத் தெரியும். காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவளிடம் சொல்ல வைத்திருந்ததை உங்களிடம் சொல்கிறேன்.

2

நான் இந்த ஊருக்கு வந்தது 2004 கோடையில். வந்த வாரமே குடியிருப்பைப் பதிவு செய்யப் போனேன். அந்த அலுவலகத்து அம்மாள் பெயர், பிறந்த ஊர், கல்யாணம் ஆனதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, மதம் என்ன என்று கேட்டார். சென்னையில் மூன்று மாதம் படித்த ஜெர்மனில், "தெரியாது" என்றேன். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலத்திலும் தெரியாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சர்ச்சில் உறுப்பினர் என்றால் சம்பளத்தில் சர்ச் வரி பிடிப்பார்கள், இல்லையென்றால் பிடிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் கேட்பதே தவிர, நான் எதை நம்புகிறேன் என்று அரசாங்கம் கேட்கவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சின்ன வயதிலிருந்து நான் மண்டையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இங்கே வரிக் கணக்கில் ஒரு கட்டமாக இருந்தது. மூன்று தடவை வீடு மாற்றி மூன்று தடவை பதிந்திருக்கிறேன், மூன்று தடவையும் அதே சப்பு.

எங்கள் மேல்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கண்ணை மூடிக் கும்பிடாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். ஆனால் வரி மிச்சம் என்று சர்ச்சிலிருந்து எழுதிக் கொடுத்து விலகிவிட்டார். எதிர்வீட்டுக்காரருக்குக் கடவுளும் கிடையாது, பிசாசும் கிடையாது. மகள் கல்யாணம் சர்ச்சில் நடந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடவுளைப் பற்றிக் கேட்பது இங்கே சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட அநாகரிகம்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடலூரில் என் அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும்.

3

அக்கா பெயர் வசந்தா. அவள் புருஷன் அறிவழகன் மாமா, அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாமாவின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாமி இல்லை என்கிற குடும்பம். எங்கள் குடும்பம் வெள்ளி, செவ்வாய் தவறாமல் விளக்கேற்றுகிற குடும்பம். கல்யாணம் ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மேடையில் நான்கு பேர் பேச, மாலை மாற்றித் தாலி கட்டி நடந்தது. மறுநாள் காலை அக்கா மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போய், தாலியைச் சாமி காலடியில் வைத்து வாங்கி மறுபடி கட்டிக்கொண்டு வந்தாள். திரும்பியதும் அதை அவளே மாமாவிடம் சொல்லியும் விட்டாள். அன்றைக்குத் தொடங்கியது வாக்குவாதம்.

அது சண்டை இல்லை. பார்ப்பவர்களுக்குத்தான் அப்படித் தெரியும். ஞாயிறு மத்தியானம் மீன் குழம்புச் சோறு முடிந்து, ஈயச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். "ம், போன வாரம் எங்க விட்டோம்?" என்பாள். மாமா எங்கே விட்டோம் என்று சரியாகச் சொல்வார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் நடுவர். பட்டிமன்றம் என்றால் நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டுமல்லவா? என்னால் சொல்ல முடியாது. மாமா பேசினால் மாமா சொல்வது சரி என்று படும், அக்கா பேசினால் அக்கா சொல்வது சரி என்று படும். தெரியல என்பேன். தெரியாத நடுவருக்குத் தண்டனை, முனைக் கடைக்குப் போய் மூன்று பேருக்கும் டீயும் வடையும் வாங்கி வருவது.

மாமாவுக்கு ஒரு விதி உண்டு. பரீட்சைத் தாளில் விடை மட்டும் சரியாக இருந்தால் அவர் முழு மார்க் போட மாட்டார். "விடைய பக்கத்துல உக்காந்திருக்கறவன் தாள பாத்துகூட எழுதலாம். ஸ்டெப்புக்குத்தான் மார்க்கு" என்பார். அக்கா பேசும்போதும் அப்படித்தான். அவள் ஒரு நல்ல நியாயத்தைச் சொல்லிவிட்டால், இல்லையென்கிற கட்சிக்காரராக இருந்தும், "இது ஸ்டெப்பு" என்று ஒரு மார்க் கொடுப்பார். அதற்கு அக்கா முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

சிதம்பரத்துக்குப் போனால் மாமா வழக்கமாகச் சொல்கிற ஒன்று உண்டு. நடராஜருக்குப் பக்கத்தில் தீட்சிதர் திரையை விலக்கிச் சிதம்பர ரகசியம் காட்டுவார். உள்ளே சிலை கிடையாது, வெறும் வெளி, முன்னால் தங்க வில்வ மாலை தொங்கும். கோயிலை விட்டு வெளியே வந்ததும் மாமா, "ஒண்ணுமில்லன்னு அவுங்களே தெறந்து காட்டுறாங்க. நான் சொன்னா மட்டும் ஒனக்குக் கோவம் வருது" என்பார். அக்கா ஒவ்வொரு தடவையும் கோபப்படுவாள். இருந்தாலும் அவர் இல்லாமல் சிதம்பரத்துக்குப் போக மாட்டாள்.

4

நான் இங்கே வந்த வருஷக் கடைசியில்தான் சுனாமி வந்தது. டிவியில் பார்த்துவிட்டு மாறி மாறிப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மறுநாள் கிடைத்தது. அக்கா அழுதுகொண்டே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா தேவனாம்பட்டினம் கரைக்குப் போய் மீன் வாங்குவது வழக்கம். அஞ்சலை என்று ஒரு அம்மாள் அவருக்கென்று நல்லதாக எடுத்து வைத்திருப்பார். அன்றைக்கு மார்கழித் திருவாதிரை. களி செய்கிற நாளில் வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்று அக்கா வாசலில் நின்று மறித்திருக்கிறாள். சாமிக்கும் மீனுக்கும் என்ன பகை என்று மாமா ஆரம்பிக்க, அது அரைமணி நேரம் ஓடியிருக்கிறது. மாமா வென்று, பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனபோது ஜனங்கள் கடற்கரைப் பக்கமிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

"சாமிதான்டா தடுத்துச்சு" என்றாள் அக்கா. மாமா அவளிடமிருந்து போனை வாங்கினார். "சாமி தடுக்கல மச்சான். ஒங்கக்கா போட்ட சண்ட தடுத்துச்சு. அஞ்சலைக்குத் தடுக்க ஆளு இல்ல."

அந்த அம்மாள் போய்விட்டார். மாமா அதற்கப்புறம் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நிவாரண முகாமுக்குப் போய் அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அக்கா அதே முகாமில் சமைத்தாள். அங்கேயும் வாக்குவாதம் நின்றபாடில்லை. ஒரு பெண், என் பிள்ளையை ஏன் எடுத்துக்கிட்டாரு உங்க சாமி என்று அக்காவைக் கேட்டபோது அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவள் பக்கம் நின்று பேசியது மாமா. அவங்களுக்குத் தெரியாதும்மா, யாருக்கும் தெரியாது என்று சொல்லி அந்தப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார். இதை அக்கா எனக்குப் பிறகு சொன்னாள். தெரியாது என்ற என் வார்த்தையை அன்றைக்கு அவர் எவ்வளவு சரியான இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார் என்று நான் ஆச்சரியப்பட்டேன். நான் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு வடை வாங்கப் போனதோடு சரி.

5

மாமா ரிட்டயர் ஆன மறு வருஷம், 2010இல், இதயத்தில் அடைப்பு என்று புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. விடிய விடியப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தேன். நல்லபடியாக முடிந்தது. அக்கா வேண்டாத தெய்வமில்லை.

வீட்டுக்கு வந்த மாமா, சில நாள் கழித்து, தானாகவே விபூதி பூசிக்கொண்டார். வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிடாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அக்காவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ஒருநாள் அக்கா போன் செய்தாள். மாமா மாடியில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, மெதுவாகப் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம வருது, போவுது. எங்க விட்டோம்னு கேட்டா, 'சாமி இருக்காருன்னே வச்சுக்கோ வசந்தா'ங்கிறாரு. வேணும்னே தப்புத் தப்பா பேசிப் பாக்குறேன், தலைய ஆட்டுறாரு. எனக்குப் பயமா இருக்குடா சேகரு. நான் சாமிகிட்ட கேட்டது அவரு உசுர மட்டுந்தான். ஆள மாத்திக் குடுன்னு கேக்கல."

இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொண்டவள் இவள். கொடுத்ததும் பயந்துபோய், திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அவரோடு சண்டை போடு, உன்னிடமாவது வாயைத் திறக்கிறாரா பார்ப்போம் என்று என்னிடம் கெஞ்சினாள்.

நானும் போட்டுப் பார்த்தேன். வாராவாரம் போனில் சாமி இல்லை என்று பேசினேன். பூகம்பம், பஞ்சம், நோய், எல்லாவற்றையும் இழுத்தேன். எல்லாம் அவரே எனக்குக் கற்றுக்கொடுத்த நியாயங்கள். ஒருநாள் அவர் சொன்னார்: "இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ஒன் கட்சிக்கே வந்துட்டேன்னு வச்சுக்கயேன் மச்சான்."

அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 'தெரியல' என்று என் வாயிலிருந்து எத்தனையோ தடவை வந்த வார்த்தைதான். நான் சொன்னபோது அது ஏதோ நேர்மை மாதிரி, அடக்கம் மாதிரி எனக்கே பெருமையாக இருந்தது. அவர் வாயில் அது வெறும் அலுப்பாகக் கேட்டது. அப்படியானால் என் வாயிலும் அது அலுப்புதானா? யோசித்து யோசித்து அங்கே போய் நின்றேனா, அல்லது யோசிக்கச் சோம்பல்பட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேனா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

6

2011 ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். மாமா இளைத்திருந்தார். நெற்றியில் மூன்று பட்டை. "வா மச்சான்" என்று கையைப் பிடித்தார், அதில் குறையொன்றும் இல்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துவிட்டார். கூடத்தில் நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சிதம்பரம் போகலாம் என்றது அக்காதான். அங்கே போனால் அந்தப் பழைய வார்த்தையாவது அவர் வாயில் வரும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. போனோம். தீட்சிதர் திரையை விலக்கினார். வெறும் வெளி, தங்க வில்வம். மாமா கைகூப்பி நின்றார். அக்கா சாமியைப் பார்க்கவில்லை, மாமா வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, செருப்பை மாட்டி, தேரோடும் வீதி வரைக்கும் நடந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் கடலூர் வண்டி ஆள் சேரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. அக்கா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நானும் மாமாவும் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால். எங்களோடு மூன்றாவதாகப் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர், மடியில் ஒரு பெரிய பையோடு உட்கார்ந்தார்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஒரு வருஷமும் நான் மாமாவிடம் சரியான கணக்கையே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு வாத்தியாரைக் கிளப்ப வேண்டுமானால் தப்பாகப் போட வேண்டும். அக்கா தப்பாகப் பேசினால் அவர் பொறுத்துக்கொள்வார், அவள் மனைவி. நான் மாணவன்.

"மாமா, எனக்கு இன்னைக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு. சாமி இருக்காரு" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நிரூபணத்தை எடுத்து விட்டேன். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்க இத்தனை வருஷமாக இத்தனை பேர் வருகிறார்கள், இத்தனை பேரும் ஏமாறுவார்களா, ஆகவே அங்கே ஏதோ இருக்கிறது. மாமாவின் ஆட்காட்டி விரல் தொடையின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டது. சிவப்பு மை இருந்தால் வேட்டியில் விழுந்திருக்கும். ஆனால் வாய் திறக்கவில்லை. வண்டி கிளம்பி வெள்ளாற்றுப் பாலம் ஏறியது. நான் அடுத்ததைப் போட்டேன்.

"அத விடுங்க. நீங்களே சாட்சி. ஆபரேஷனுக்கு முன்னாடி அக்கா வேண்டிக்கிச்சு. நீங்க பொழச்சீங்க. அதனால சாமி இருக்காரு. கணக்கு முடிஞ்சுது."

"தப்பு" என்றார் மாமா.

"என்ன தப்பு?"

"ஸ்டெப்பு தப்பு." என் பக்கம் திரும்பிவிட்டார். "எனக்குப் பக்கத்துக் கட்டில்ல பண்ருட்டிக்காரரு ஒருத்தரு இருந்தாரு, பலாப்பழ மண்டி வச்சிருந்தவரு. அவரு சம்சாரம் ஒங்கக்காவ விட ஜாஸ்தி வேண்டிக்கிச்சு. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாங்க. எனக்குக் கண்ணு தொறந்துச்சு, அவருக்குத் தொறக்கல. அந்தம்மா வேண்டுதலுல என்னா கொற? மொதல்ல அந்த ஸ்டெப்ப எழுதிக் காட்டு, அப்பறம் முடிவுக்கு வா."

வாத்தியார் குரல். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் அக்காவும் திரும்பினாள்.

"அப்போ நான் வேண்டிக்கிட்டது வீணா?" என்று கேட்டாள்.

மாமா முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். பிறகு, சுற்றிலும் ஆட்கள் இருப்பதைப் பொருட்படுத்தாமல் சொன்னார். "இந்தக் கேள்விக்குப் பயந்துதான் வசந்தா ஒரு வருசமா நான் வாய தொறக்கல. சாமி இல்லன்னு சொன்னா, நீ சோறு தண்ணி இல்லாம ஒக்காந்திருந்தது ஒண்ணுமில்லன்னு ஆயிடுமேன்னு பாத்தேன். நீ ஒக்காந்திருந்தது எனக்குத் தெரியும். சாமி ஒக்காந்திருந்தாரான்னு கேட்டீன்னா, இல்லன்னுதான் சொல்லுவேன்."

"இருந்தாரு" என்றாள் அக்கா.

"இல்ல."

"எம் பக்கத்துலயே இருந்தாரு."

"அப்போ பண்ருட்டியம்மாவுக்கும் பக்கத்துலதான இருந்திருக்கணும்? நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு."

அக்கா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அந்தம்மா அன்றைக்கு அழுதது தன் தோளில் சாய்ந்துதான் என்றும், தோளைக் கொடுக்கத்தான் தன்னை அங்கே உட்கார வைத்திருப்பார் என்றும் சொன்னாள். மாமா மோவாயைத் தடவினார். "இது ஸ்டெப்பு" என்றார். "முழு மார்க்கு இல்ல. அந்தம்மா கேட்டது தோள் இல்ல." அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கண்டக்டர் உட்காரச் சொன்னார், அவள் காதில் விழவில்லை.

பி.முட்லூரில் பாய் இறங்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், படிவரைக்கும் போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். "முடிவு தெரியாமலே எறங்க வேண்டியிருக்கு தம்பி" என்றார். எனக்கும்தான் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். பாய் விட்டுப்போன இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். கடலூர் வரைக்கும் அவர்கள் நிறுத்தவில்லை.

7

யாழினிக்கு நான் எந்தப் பக்கம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. மாமாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். என் மகளின் தமிழ் மாமாவுக்குப் பாதிதான் புரியும், அவருடைய இங்கிலீஷ் அவளுக்கு முக்கால்வாசி புரியும். சாமி இல்லை என்கிற அந்த மனுஷன், உண்டு என்று பேசுவதற்கு அவளுக்கு ஒவ்வொரு நியாயமாக எடுத்துக் கொடுத்தார். பின்னாலிருந்து அக்கா, அதைச் சொல்லுங்க, இதைச் சொல்லுங்க என்று தூண்டிக்கொண்டிருந்தாள். எது பலவீனமான நியாயம், எதிராளி எங்கே பிடிப்பான் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். யாழினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் குறிப்பெடுத்தாள். கடலூரிலிருந்து வந்த ஒன்றை அவள் இப்படி உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

விவாதம் முடிந்து வந்ததும், யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். அங்கே தீர்ப்பெல்லாம் கிடையாதாம். நம்பாததைப் பேசிய பிறகு, தான் நம்புவது என்ன என்பதில் கொஞ்சம் குழப்பம் வந்துவிட்டது என்றாள். இது நல்லதா கெட்டதா என்று கேட்டாள். தெரியல என்றேன். அவளுக்கு எரிச்சல் வந்தது. அவள் வயதில் எனக்கும் வந்திருக்கும்.

8

அந்த 2011 பயணத்தில், யாழினியிடம் சொல்ல நான் நினைக்காத ஒன்றும் உண்டு.

நான் ஜெர்மனிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள் அக்கா. கெடிலத்துப் பாலத்தைத் தாண்டும்போது, ஆட்டோவில் மாமா முன்னால் டிரைவர் பக்கம் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றாள். இந்த வயதில் எதற்கு என்றேன். என் காதருகே குனிந்தாள்.

"அவரு பழையபடி சாமி இல்லன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா முடி எறக்குறேன்னு தேவநாத சாமிகிட்ட நேந்துக்கிட்டேன்டா. சொல்லிட்டாருல்ல? அவருகிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சுதுன்னா மறுபடி வாய மூடிக்குவாரு."

எனக்குத் தலை சுற்றியது. சாமி இல்லை என்று ஒருவரைச் சொல்ல வைக்கச் சாமியிடமே வேண்டுதல். அது பலித்தும் விட்டது. பலித்ததால் சாமி உண்டு. உண்டென்றால் மாமா பஸ்ஸில் சொன்னது தப்பு. தப்பான ஒன்றைச் சொல்ல வைத்ததுதான் சாமியின் அருள். இல்லை, பலிக்கவே இல்லை, நான் போட்ட தப்புக் கணக்குதான் அவரைப் பேச வைத்தது. அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது? கோயிலிலிருந்து வெளியே வந்த பிறகுதானே வந்தது? இப்படியே போய் எங்கேயும் நிற்க முடியாமல், ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடி இறக்குகிற இடத்தில் அக்கா கண்ணை மூடி உட்கார்ந்தாள். நரைத்த முடி மடியில் விழுந்தது. மாமா அவள் செருப்பையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, முடி எடுப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தார். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டதை இங்கே செலுத்தலாம் என்கிறார்களே, இது என்ன பிராஞ்ச் ஆபீசா, அந்தக் கணக்கை இந்தச் சாமி அந்தச் சாமிக்கு எப்படி அனுப்புவார் என்று கேட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே கத்தியை ஓட்டினார். அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவள் எழுந்தபோது, கல்யாணத்தில்கூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அவள் சாமி கும்பிடப் போன பிறகு மாமா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். அவர் முகம் கவலையாக இருந்தது.

"ஏன் மச்சான், ஒங்கக்கா எதுக்கு முடி எறக்குது? எனக்கு மறுபடியும் ஏதாவது இருக்குன்னு டாக்டரு சொல்லி மறைக்கிறீங்களா? என்னா வேண்டுதல்?"

வாழ்நாள் முழுக்க அந்த வார்த்தையை நான் உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக, தெரிந்துகொண்டே சொன்னேன்.

"தெரியல மாமா."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பயம் தெளிந்து சிரித்துவிட்டார்.

"ஒனக்கு என்னைக்கு மச்சான் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, என்னை டீ வாங்கி வரச் சொன்னார்.